அவஸ்தைப்பூசுதல் அல்ல, நோயில்பூசுதல்

தலைவலிக்குத் தைலமும் புண்ணுக்குக் களிம்பும் பூசுகிறோம்; குணமாகத்தான், சாவதற்கு அல்ல. நல்ல சமாரியரும் காயங்களில் எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்தார் (லூக்கா 10:34). நோயுற்றவருக்காக மூப்பர்கள் எண்ணெய் பூசி மன்றாடவேண்டும் என்கிறார் யாக்கோபு (5:14).

இந்த அருளடையாளத்தை நம் முன்னோர் ‘அவஸ்தைப்பூசுதல்’ என்றனர். அந்தப் பெயரே நம்மைப் பயமுறுத்திவிட்டது. “சாமியாரை அழைத்தால் அப்பா பயந்துவிடுவார்” என்று, நினைவு தப்பும்வரை தள்ளிப்போடுகிறோம்.

‘நோயில்பூசுதல்’ என்னும் பெயரே அதிகப் பொருத்தம் என 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவுபடுத்தியது. கடும் நோயிலும், அதற்கான அறுவைச் சிகிச்சைக்கு முன்பும், முதுமைத் தளர்ச்சியிலும் இதைப் பெறலாம். நோய் முற்றினால் மீண்டும் பெறலாம். மருத்துவமும் தொடரட்டும்.

நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசப்படும்போது, நோயாளி தம் வாயாலேயே ‘ஆமென்’ சொல்லட்டும். அதற்கு முன்கூட்டியே குருவை அழைப்போம்.