மெய்நிகர் வட்டுகளை இணைத்தல்: கோளாறுகளும் பரிகாரங்களும்

புதுடில்லி ஆர்.கே.புரத்தில் சேவா பவன் என்னும் கட்டடத்தில் மத்திய நீர் ஆணையத்தின் தலைமை அலுவலகம் இயங்கி வருகிறது. இந்நாட்டில் வெள்ள முன்னறிவிப்புப் பணியை இவ்வாணையம் 1958-ஆம் ஆண்டு நவம்பரில், யமுனையின் மீதுள்ள பழைய டில்லி ரயில்வே பாலத்தில் தொடங்கிற்று. அதே பாலத்தில் 2023 ஜூலை 13-ஆம் நாள் நீர்மட்டம் 208.66 மீட்டரை எட்டியது. அதற்கு முன்னர் மிக உயர்ந்ததாக இருந்தது 1978-இல் பதிவான 207.49 மீட்டராகும். ஆற்றின் கரையில் நின்று ஊழியர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் குறித்த அளவை மறுமுறை எடுக்க இயலாது. மழைமானி, நிலத்தடி நீர் அளவு, பயிர்க் கணக்கு ஆகிய யாவற்றுக்கும் இது பொருந்தும்.

இத்தகைய பதிவுகள் இன்று பேரேடுகளோடு நில்லாமல் கணிப்பொறி வட்டுகளிலும் இடம் பெறுகின்றன. அவ்வட்டுகளுள் பல, கையால் தொடக்கூடிய வட்டுகளே அல்ல, மெய்நிகர் வட்டுகள். அவற்றை இயந்திரத்துடன் இணைக்கும்போது நேரும் சிறு பிழை, பல ஆண்டுப் பதிவை ஒரு நொடியில் அழித்துவிடக்கூடும். ஆதலின் களப்பணியாளரும் ஆசிரியரும் இவ்விணைப்பு முறையையும், அதில் தோன்றும் கோளாறுகளையும் அறிந்திருத்தல் நன்று.

மெய்நிகர் இயந்திரம் என்பது யாது?

ஆர்.கே.புரத்து அரசுக் குடியிருப்புகளில் ஒரே கட்டடத்தில் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கதவும் தனிப் பூட்டும் உண்டு. அதுபோல, ஒரே கணிப்பொறியினுள் மென்பொருளின் துணையால் பல கணிப்பொறிகளைத் தனித்தனியே இயங்கச் செய்யலாம். இவையே மெய்நிகர் இயந்திரங்கள். இக்கருத்து புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-இல் வெளியிட்ட விஎம்/370 என்ற அமைப்பில், பெரிய வட்டு ஒன்றைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்துப் பயனாளர்களுக்கு வழங்கும் வழக்கம் இருந்தது. லினக்ஸின் கருவில் கேவிஎம் என்னும் வசதி 2007-இல் சேர்ந்தது. அதனுடன் க்யூஎம்யூ, லிப்விர்ட் ஆகிய மென்பொருள்களும் கூடி, எளிய கணிப்பொறியிலும் இவ்வேலையைச் சாத்தியமாக்கின.

மெய்நிகர் இயந்திரத்தின் வட்டு, தாய்க் கணிப்பொறியைப் பொறுத்தவரை பெரும்பாலும் ஒரு கோப்பே. அதனை இணைக்க லிப்விர்ட்டில் ‘விர்ஷ் அட்டாச்-டிஸ்க்’ என்ற கட்டளை உண்டு. இயந்திரத்தின் பெயர், கோப்பின் முழுப் பாதை, வட்டு பெறவேண்டிய பெயர் ஆகிய மூன்றையும் இக்கட்டளைக்குக் கொடுக்கவேண்டும். பல இயந்திரங்கள் உள்ள இடங்களில் இக்கட்டளைகளை ஸ்கிரிப்ட் என்னும் தொகுப்பாக எழுதி ஒருங்கே இயக்குவர். கோளாறுகளுள் பல இத்தொகுப்புகளிலேயே முளைக்கின்றன.

முதற் கோளாறு: அனுமதி மறுப்பு

கோப்பு கண்முன்னே இருக்கிறது. ஆயினும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற செய்தி வருகிறது. கட்டளையைத் தருபவர் நிர்வாகியே எனினும், வட்டைத் திறப்பது க்யூஎம்யூ. அது வழக்கமாகத் தனக்கென வகுக்கப்பட்ட வேறொரு பயனாளர் பெயரில் இயங்குகிறது. பயனாளரின் இல்லக் கோப்பகத்தில் வட்டை வைத்தால், அக்கோப்பகத்தினுள் நுழையவே க்யூஎம்யூவுக்கு உரிமை இராது. எல்லாருக்கும் எல்லா உரிமையும் அளித்துவிடுவது பரிகாரமாகாது. அது வேறோர் அபாயத்துக்கு வழி திறப்பதாகும். லிப்விர்ட்டுக்கென அமைந்த ‘இமேஜஸ்’ கோப்பகத்திற்கு வட்டை மாற்றுவதே முறை. எஸ்இலினக்ஸ், ஆப்ஆர்மர் ஆகிய காவல் அமைப்புகளும் தடுக்கக்கூடும் என்பதால், அவற்றின் குறிப்பேட்டையும் பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது: சுருங்கிப்போன வட்டு

இருபது ஜிகாபைட் கொள்ளளவுள்ள புதிய வட்டை இணைத்த பின், இயந்திரம் அதனை இருநூறு கிலோபைட்டுக்கும் குறைவான வட்டாகக் காட்டுவதுண்டு. வட்டு பழுதாயிற்றோ எனப் பலர் அஞ்சுவர். உண்மையில் வட்டுக்கு ஊறு நேரவில்லை. அக்கோப்பு ‘க்யூகவ்2’ என்ற வடிவில் உள்ளது. கட்டளையில் ‘சப்டிரைவர்’ என்ற பகுதியில் அவ்வடிவத்தைக் குறிப்பிடாததால், லிப்விர்ட் அதனை ‘ரா’ என்னும் வெறும் வடிவமாகக் கொள்கிறது. புதிய கோப்பில் முகப்புக் குறிப்புகள் தவிர வேறொன்றும் இல்லாமையால், அச்சிறு அளவே தெரிகிறது.

வடிவத்தைத் தானே ஊகித்துக்கொள்ளலாகாதா என்ற வினா எழலாம். அவ்வாறு ஊகித்தால், தீய நோக்குள்ள ஒரு மெய்நிகர் இயந்திரம் தன் வெறும் வட்டின் முகப்பில் பொய்யான க்யூகவ்2 குறிப்பை எழுதி, தாய்க் கணிப்பொறியின் அந்தரங்கக் கோப்பைத் தனது அடிப்படை வட்டாகக் காட்டிப் படித்துவிடக் கூடும். இதன் பொருட்டே ஊகம் தவிர்க்கப்பட்டுள்ளது. கவனிக்கற்பாலது யாதெனில், சுருங்கித் தோன்றும் வட்டில் எதையும் எழுதலாகாது. எழுதினால் முகப்பு அழிந்து, உள்ளிருக்கும் பதிவுகள் யாவும் கிட்டாமற் போகும். வட்டைக் கழற்றி, வடிவத்தைக் குறிப்பிட்டு மீண்டும் இணைக்க வேண்டும்.

மூன்றாவது: மறைந்துபோகும் வட்டு

இன்று இணைத்த வட்டு, இயந்திரத்தை நிறுத்தி மறுபடி தொடங்கியதும் காணாமற் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் இணைப்பது வேறு. அதன் நிலையான அமைப்புக் குறிப்பில் பதிவது வேறு. ‘லைவ்’ என்பது முன்னதை மட்டும் செய்யும்; ‘கான்ஃபிக்’ என்பது பின்னதை மட்டும் செய்யும். ஓடும் இயந்திரத்தில் இரண்டும் வேண்டுமாயின் இரண்டையும் குறிப்பிடல் வேண்டும்.

நான்காவது: இடமின்மையும் பெயர் மாற்றமும்

‘பிசிஐ இடங்கள் மீதமில்லை’ என்ற செய்தி வந்தால், இயந்திரத்தில் புதிய சாதனத்தைச் செருகத் துறை இல்லை என்று பொருள். க்யூ35 வகை இயந்திரங்களில் போதிய துறைகளை முன்கூட்டியே அமைத்திருத்தல் அவசியம். வட்டுகள் பல தேவைப்படுமிடத்து விர்டியோ-ஸ்கஸி முறையைக் கையாண்டால், ஒரே துறையில் பல வட்டுகளை இணைக்கலாம். மேலும், கட்டளையில் ‘விடிபி’ என்று குறித்த வட்டு, இயந்திரத்தினுள் ‘விடிசி’ என்ற பெயரில் தோன்றலாம். நாம் தரும் பெயர் ஒரு குறிப்பே, உறுதிமொழியன்று. பெயரை மட்டும் நம்பி வட்டை வடிவமைப்போர் பழைய பதிவுள்ள வட்டையே அழித்துவிட நேரும். ஆகவே வட்டுக்கு ஒரு தொடர் எண் அளித்து, அளவையும் எண்ணையும் ஒப்பிட்ட பின்னரே மேற்செல்ல வேண்டும்.

ஐந்தாவது: ஒரே வட்டு, இரண்டு இயந்திரங்கள்

‘எழுதும் பூட்டுக் கிட்டவில்லை’ என்ற செய்தியைக் கண்டு எரிச்சல் கொள்வோர் உண்டு. எனினும் அப்பூட்டு ஒரு பெரும் பாதுகாப்பு. சாதாரணக் கோப்பு முறையுள்ள வட்டில் இரண்டு இயந்திரங்கள் ஒரே காலத்தில் எழுதினால், ஒன்றின் செயலை மற்றது அறியாது, பதிவுகள் சிதைந்துவிடும். 2017-இல் வெளிவந்த க்யூஎம்யூ 2.10 பதிப்பு முதல் இப்பூட்டு அமைந்துள்ளது. பூட்டை அகற்ற முயலாது, வட்டை வைத்திருக்கும் மற்ற இயந்திரம் எது எனக் கண்டறிய வேண்டும்.

தொகுப்பு எழுதுவோர் கவனத்திற்கு

ஒவ்வொரு கட்டளையும் முடிவில் ஓர் எண்ணைத் திருப்பித் தருகிறது. சுழியம் வெற்றியையும், பிற எண்கள் தோல்வியையும் குறிக்கும். கட்டளையின் வெளியீட்டை வேறொரு கட்டளைக்குக் குழாய் வழியே அனுப்பினால், வழக்கமாகக் கடைசிக் கட்டளையின் எண்ணே கிட்டும். இணைப்புத் தோல்வியுற்றது தெரியாமலே தொகுப்பு அடுத்த படிக்குச் சென்றுவிடும். அடுத்த படி வட்டை வடிவமைப்பதாக இருப்பின் விளைவு விபரீதமாகும். ஆகவே இணைத்தல், சரிபார்த்தல், வடிவமைத்தல் ஆகிய மூன்றையும் ஒரே மூச்சில் செய்யும் தொகுப்பை எழுதாதிருப்பது நலம். இணைப்பதற்கு முன்னும் பின்னும் ‘டாம்பிளாக்லிஸ்ட்’ கட்டளையால் வட்டுப் பட்டியலை எடுத்து ஒப்பிடுக. இயந்திரத்தினுள் ‘எல்எஸ்பிஎல்கே’ கட்டளையால் அளவைக் காண்க. முன்னரே கோப்பு முறை உள்ள வட்டாயின் தொகுப்பு அங்கேயே நின்றுவிடுமாறு செய்க. பதிவுகளுள்ள வட்டாயின், முதலில் வேறிடத்தில் பிரதி எடுத்து, அப்பிரதி திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள்க.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஆசிரியர்கள் இதனை எளிதில் செய்து காட்டலாம். சென்னையிலுள்ள சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸை ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் நிறுவுக. பதிவேதுமற்ற ஒரு ஜிகாபைட் க்யூகவ்2 வட்டை உண்டாக்கி, முதலில் வடிவத்தைக் குறிப்பிடாமலும், கழற்றிய பின் குறிப்பிட்டும் இணைத்து, இருமுறையும் தோன்றும் அளவை மாணவர் குறித்துக்கொள்ளட்டும். பின்னர் ‘லைவ்’ மட்டும் கொடுத்து இணைத்து, இயந்திரத்தை நிறுத்தித் தொடங்கச் செய்து, வட்டு ஏன் மறைந்தது என்று வினவுக. மூன்றாவதாக, அதே வட்டை முதல் இயந்திரத்தில் மீண்டும் இணைத்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது இயந்திரத்துடனும் இணைக்க முயன்று, பூட்டுச் செய்தியை அவர்களே படிக்கட்டும். ஒரு மணி நேரத்தில் முடியும் இச்சோதனைக்குத் தனிச் செலவு ஏதுமில்லை. முக்கியமான பதிவுகள் உள்ள கணிப்பொறியில் மட்டும் இதனைச் செய்யலாகாது.