குடியும் குடிசன மதிப்பும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் தன் முன்னோரைத் தேடப் புகும் ஒருவன் முதலிற் புரட்டுவது அந்நாட்டின் குடிசன மதிப்பு ஏடுகளையே. 1790ஆம் ஆண்டு தொடங்கிப் பத்தாண்டுக்கு ஒருமுறை அந்நாட்டார் தம்மைத் தாமே எண்ணி வந்துள்ளனர். எண்ணியதோடு அமையாது, வீடு வீடாகச் சென்று எழுதிய மூலப் பட்டியல்களையும் பேணி வைத்து, 72 ஆண்டுகள் கழிந்ததும் எவரும் பார்க்கலாமென்று திறந்துவிடுகின்றனர். 1950ஆம் ஆண்டின் ஏடுகள் 2022இல் திறக்கப்பட்டன. பேரனொருவன் தன் பாட்டனின் வீட்டுக் கதவைத் தட்டி, அன்று உள்ளே யார் யார் இருந்தார்கள் என்று எட்டிப் பார்ப்பது போன்ற வாய்ப்பு அது.

எனினும் அந்த ஏடுகள் எல்லாரையும் ஒருபடித்தாக நினைவில் வைத்திருக்கவில்லை. 1790 முதல் 1840 வரை வீட்டுத் தலைவர் ஒருவரின் பெயர் மாத்திரமே எழுதப்பட்டது. மனைவியும் மக்களும் வயதுக் கட்டங்களுள் விழுந்த வெறும் எண்கள். 1850இலேதான் அடிமையல்லாத ஒவ்வொருவரின் பெயரும் ஏடேறிற்று. அடிமைகளுக்கோ அவ்வாண்டிலும் 1860இலும் தனிப் பட்டியல். அதிலே உடைமையாளரின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் என்பவை வரிசையாக இருக்கும், பெயர் இராது. விடுதலைக்குப் பின் வந்த 1870ஆம் ஆண்டு மதிப்பில்தான் அவர்கள் பெயருடைய மனிதராயினர். ஆகவே கறுப்பின மக்களுள் தம் வேரைத் தேடுவோர் பலர் 1870 என்னும் சுவரில் முட்டி நிற்கின்றனர். 1890ஆம் ஆண்டின் ஏடுகளிற் பெரும்பகுதி 1921இல் மூண்ட தீவிபத்தினால் இல்லாமற்போனது வேறு கதை.

இவற்றையெல்லாம் எனக்கு விரிவாக எழுதி அனுப்பியவன் என் தங்கையின் மகன். அமெரிக்காவில் வாழ்கிறான். அயல் வீட்டுக்காரர் கறுப்பினத்தவர். 1870 வரை சென்று நின்றுவிட்ட தம் குடும்ப மரத்தை இவனுக்குக் காட்டியிருக்கிறார். உடனே இவனுக்கும் ஆசை பிறந்துவிட்டது. “மாமா, உங்களுடைய அம்மம்மாவைப் பெற்ற தாய் தகப்பன் யார்? இலங்கையிலும் 1871 முதல் குடிசன மதிப்பு உண்டு என்கிறார்கள். அதைப் பார்த்து எழுதி அனுப்புங்கள்” என்பது அவன் கோரிக்கை.

கேட்க வேண்டியவன்தான் கேட்டிருக்கிறான். மட்டக்களப்பில் குடி என்பது தாய்வழி. என் பிள்ளைகள் என் மனைவியின் குடியைச் சேர்ந்தவர்கள்; என் குடியில் எனக்குப் பின் நிற்பவர்கள் என் தங்கையின் மக்களே. மருமகன் கேட்டால் மாமன் தேடித்தானே ஆகவேண்டும்?

நமது நாட்டின் முதலாவது முறையான குடிசன மதிப்பு 1871 மார்ச்சு மாதத்தில் நடந்தது. அன்று இலங்கையில் இருந்தவர்கள் 24 இலட்சம் பேர். 1901ஆம் ஆண்டின் மதிப்பை நடத்தியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்பதை வாசகர்கள் அறிவர். பதிவாளர் நாயகமாகவும் இருந்த அப்பெரியார் எழுதிய அறிக்கை வெறும் அட்டவணைத் தொகுதியன்று. இனம், மொழி, சமயம், வழக்காறு பற்றிய ஆராய்ச்சி நூலாகவே அதைப் படிக்கலாம். 1911ஆம் ஆண்டின் மதிப்பைப் பற்றி டென்ஹாம் எழுதியதும் அவ்வகையினதே. நூலகமொன்றில் இவ்விரண்டையும் வைத்துக்கொண்டு நான் பல நாட்களைக் கழித்தேன். எத்தனை பேர் எழுத வாசிக்கத் தெரிந்தவர், எத்தனை பேர் கமம் செய்தவர், எத்தனை பேர் மீன் பிடித்தவர் என்றெல்லாம் அவை சொல்லும். யார் என்று மாத்திரம் சொல்லா. அச்சிட்ட அந்தத் தொகுதிகள் முழுவதிலும் கமக்காரன் ஒருவனுக்கும் பெயர் இல்லை. அமெரிக்க அடிமைக்கு 1860இல் இருந்த நிலைதான் மட்டக்களப்புப் போடியாருக்கு 1901இல்!

எண்களை வைத்துக்கொண்டு ஊரைக் காணலாம் என்று முயல்வோருக்கும் இரண்டு எச்சரிக்கைகள் சொல்லவேண்டும். முதலாவது, 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஏடுகளில் மட்டக்களப்பு என்றிருப்பது கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் எல்லாவற்றையும் உள்ளடக்கிய பெருநிலம். இதை மறந்து 1953ஆம் ஆண்டின் தொகையையும் 1963ஆம் ஆண்டின் தொகையையும் பக்கத்திற் பக்கம் வைத்து ஒப்பிடுபவர், ஊர் அழிந்துவிட்டதோ என்று அஞ்ச நேரிடும்.

இரண்டாவது எச்சரிக்கை நம் வாவியைப் பற்றியது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலுமாக வாழ்ந்த குடும்பங்கள் பல. பழைய மதிப்புகள் பெரும்பாலும் மாசி பங்குனியில் நடந்தன; அன்றிரவு யார் எங்கே இருந்தாரோ அங்கேயே அவரை எண்ணின. மாசி பங்குனி நமக்கு அறுவடைக் காலமல்லவா? போடியாரும் முல்லைக்காரரும் வயல்வாடியிற் படுத்திருப்பர். களவெட்டியிலே சூடு மிதிப்பு நடந்துகொண்டிருக்கும். வீட்டில் இருப்பவர்கள் பெண்களும் பிள்ளைகளும் முதியவர்களும். எனவே எழுவான்கரை ஊரொன்றில் ஆண் தொகை குறைந்து, படுவான்கரையில் அது மிகுந்து காணப்பட்டால், அது வாழ்வின் கணக்கு அன்று, அறுவடை இரவின் கணக்கு என்று கொள்வதே பொருந்தும் என்பது என் கருத்து. கொழும்பிலிருந்து பார்ப்பவருக்கு இது புலப்படாது.

நிற்க. ஏடு கைவிட்ட இடத்திற் குடி கைகொடுக்கும் என்று எண்ணினேன். நம் பகுதியில் ஒருவரை முதன்முதலிற் காணும் முதியவர், ஊரைக் கேட்டபின் குடியைத்தான் கேட்பார். உலகிப்போடி குடி, காலிங்கா குடி, படையாண்ட குடி, பெத்தான் குடி, கண்டன் குடி என்று அவை பல. ஒரு குடிக்குள்ளே மணம் செய்வதில்லை. கோயில் திருவிழாவில் இன்ன குடிக்கு இன்ன நாள் என்ற உரிமை உண்டு. அதைக் கண்காணிக்க வண்ணக்கர் உண்டு. இதே வாவிக்கரையில் வாழும் முஸ்லிம் மக்களிடத்தும் தாய்வழிக் குடிமுறை இருப்பதைக் கண்டு வியந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி ஆராய்ந்தார். 2008இல் அதைப் பெருநூலாக வெளியிட்டார். நம்மவருள் எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’, வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ ஆகிய இரண்டும் குடிகளைப் பற்றி அறிய விரும்பும் மாணவருக்கு இன்றும் வாயிற்படிகள்.

குடிமுறை வெறும் நினைவாக மாத்திரம் நின்றதில்லை. சொத்தும் அதன் வழியே சென்றது. முக்குவர் சட்டம் எனப்பட்ட அவ்வழக்கைப் பற்றிக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் நூலெழுதினார். அதே ஆண்டில் வந்த மரபுரிமைக் கட்டளைச் சட்டம் அவ்வழக்கின் சட்ட வலுவை நீக்கிவிட்டது. சட்டம் போயிற்று; வீடு மகளுக்கே என்ற வழக்கம் போகவில்லை. மகள் மணமுடிக்கும்போது தாய் தன் வீட்டைச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு ஒதுங்குவாள். மருமகன் வந்து குடியேறுவான். ஆகவே நம் ஊர் வீடொன்றின் உறுதிக் கட்டை அவிழ்த்தால் பெண்களின் நிரையொன்று புறப்படும். நொத்தாரிசு எழுதும் ஒவ்வோர் உறுதியும், கொடுப்பவருக்கு அக்காணி எவ்வாறு வந்ததென்று ஒரு வரியிற் கூறவேண்டும். “தாய்வழி முதுசமாய்” என்னும் அந்த ஒரு வரி, குடிசன மதிப்பின் நூறு அட்டவணைகளுக்குச் சமம். 1978ஆம் ஆண்டுச் சூறாவளியிலும் பின்னர் வந்த இடப்பெயர்வுகளிலும் என் தங்கை வீட்டு உறுதிக் கட்டு தப்பிப் பிழைத்தது எங்கள் பாக்கியம். அதிலிருந்து என் தாய், அவர் தாய், அவருக்குத் தாய் ஆகிய மூவரின் பெயரையும் ஐயமின்றி எழுதிக்கொண்டேன்.

பூட்டி அகப்பட்டார். பூட்டன் அகப்படவில்லை!

குடியின் குறை அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அமெரிக்க ஏடு மனைவியை மறைத்தது. நம் குடி கணவனை மறைக்கிறது. வந்து குடியேறியவர் வேறொரு தாயின் மகன். அவரை அவர் குடியார் நினைப்பார்கள் என்று நம் குடி விட்டுவிடுகிறது. அவருக்கு நினைக்கும் குடியே இல்லையென்றால்?

மிஞ்சியிருந்தது பிறப்புப் பதிவு. இந்நாட்டில் 1867 முதல் நடந்து வரும் பதிவு அது. அதிலே தந்தையின் பெயருக்குப் பக்கத்தில் அவர் தொழிலும் இனமும் குறிக்கப்படும். என் அம்மம்மா 1909இற் பிறந்தவர்; அவருடைய மூத்த சகோதரர் 1896இற் பிறந்தவர். இருவருடைய பதிவுகளின் பிரதிகளும் பல மாத அலைச்சலுக்குப் பிறகு என் கைக்கு வந்தன. இரண்டிலும் தந்தை பெயர் ஒன்றே. தொழில் ஒன்றே, மீன்பிடித்தல். ஆனால் 1896ஆம் ஆண்டுப் பதிவில் இனம் ‘வேடர்’ என்றிருக்கிறது. 1909ஆம் ஆண்டுப் பதிவில் அதே மனிதர் ‘தமிழர்’!

மறுபடியும் குடிசன மதிப்பு அறிக்கைகளுக்கே திரும்பினேன். இம்முறை என் கண் ஓடிய நிரல் வேறு. இலங்கையில் வேடர் தொகை 1881இல் 2,228, 1891இல் 1,229, 1901இல் 3,971, 1911இல் 5,332. பத்தாண்டில் மும்மடங்கு பெருகுவது பிள்ளைப் பேற்றினால் நிகழக்கூடியதா? பிறகு 1946இல் 2,361, 1953இல் 803, 1963இல் 400. ஏழாண்டில் மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டொழிந்தார்கள் என்று எந்த வரலாறும் சொல்லவில்லை. கேட்டவர் எப்படிக் கேட்டார், சொன்னவர் எதைச் சொல்ல விரும்பினார், எழுதியவர் எப்படி எழுதினார் என்பவற்றின் கணக்கே இது. மட்டக்களப்புக்கு வடக்கே வாகரை, பனிச்சங்கேணி, கதிரவெளிப் பக்கத்துக் கரையோர வேடர் தமிழ் பேசுபவர். கடலிலும் களப்பிலும் மீன் பிடித்து வாழ்ந்தவர். செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடரைப் பற்றிய நூலிலும் அவர்களுக்கு இடமுண்டு. அவர்களில் ஒருவர் தெற்கே வந்து எங்கள் குடியிற் பெண் கொண்டு எழுவான்கரை வீடொன்றில் அமர்ந்தார். பதின்மூன்று ஆண்டுகளில் ‘தமிழர்’ ஆனார். பேசிய மொழி மாறவில்லை, செய்த தொழில் மாறவில்லை, பதிவுப் புத்தகத்தில் ஒரு சொல் மாறியது.

என் குடும்பத்தில் இதை அறிந்தவராக எஞ்சியிருப்பவர் என் சின்னம்மா ஒருவரே. தொண்ணூறு வயது. பிரதிகளைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “இதையெல்லாம் அவனுக்கு எழுதாதே மனே. அவனுடைய பெண்பிள்ளைகளுக்குக் கலியாணம் பேச வேண்டாமா?” என்றார். அமெரிக்காவில் யாரும் குடி கேட்கப் போவதில்லையே என்றேன். “கேட்கிறவன் எங்கே போனாலும் கேட்பான்” என்றார். அந்தப் பேச்சில் ஓர் ஆயுட்கால அச்சம் இருந்தது. அதை நான் எளிதாகத் தள்ளிவிட எண்ணவில்லை. ஆயினும், ஒருவர் பெற்ற பிள்ளைகளே அவரை மறைத்து வைக்கும்படி செய்த அச்சத்துக்கு நான்காம் தலைமுறையிலும் திறை செலுத்த வேண்டுமா என்ற கேள்வி என்னை விடவில்லை.

இவ்விடயத்தில் நாட் கடத்தவும் இயலாது. 1981க்குப் பின் மட்டக்களப்பில் முழுமையான குடிசன மதிப்பு நடந்தது 2012இலேயே. 2001ஆம் ஆண்டின் மதிப்பு இங்கு முற்றுப்பெறவில்லை. இடையே 31 ஆண்டுகள். போரும், 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையும் அவற்றுள் அடக்கம். அன்று டச்பார்க் கரையிற் பறங்கியர் குடும்பங்கள் பல அலைவாய்ப்பட்டன. போர்த்துக்கேய மொழியின் சாயலில் ஒரு பேச்சை வீட்டுக்குள் பேணி வந்த அவர்களுக்காவது தேவாலய ஞானஸ்நானப் புத்தகங்கள் உண்டு. நமக்கு உறுதிக் கட்டும் கிழவிகளுமே உண்டு. ஆசிரிய நண்பர்கள் தம் மாணவரை இவ்விரண்டிடமும் அனுப்பி வைத்தால் நலம். குடியைக் கேட்கும்போது, வந்து சேர்ந்த ஆண்களின் பெயரையும் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

மருமகனுக்கு எழுதிவிட்டேன். பூட்டியின் பெயரையும் பூட்டனின் பெயரையும், இரண்டு பதிவுகளின் பிரதிகளையும் அனுப்பினேன். சின்னம்மா சொன்னதையும் மறைக்காமற் குறித்தேன். அவன் பிள்ளைகளுக்குச் சொல்வதும் சொல்லாததும் அவன் பாடு.

கடிதம் போய்ச் சேர்ந்த செய்தியைச் சின்னம்மாவிடம் சொன்னபோது அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, “அம்மப்பா கரப்புக் கட்டினால் ஓர் இறால்கூடத் தப்பாது. விடியமுன்னம் வாவிக்குப் போய்விடுவார். என்னையும் இரண்டொரு தரம் தோணியில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்” என்றார். அவரைப் பெற்ற தாயின் பெயர் என்ன என்று கேட்டேன். அது தமக்குத் தெரியாதென்றும், கதிரவெளியில் அவருக்கு ஒரு தங்கை இருந்ததாக ஞாபகம் என்றும் சொன்னார்.