இணைய உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளுக்கான காட்சிவழி உரைத்தொகுப்பித் தேர்வு: தமிழ் ஆய்விதழ்த் தளங்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இணைய ஆய்விதழ்களும் பல்கலைக்கழகத் துறைத்தளங்களும் உள்ளடக்க மேலாண்மை அமைப்புகளைக் கொண்டு இயங்குகின்றன. அவற்றில் உரையை உள்ளிடும் வாயிலாக அமைவது காட்சிவழி உரைத்தொகுப்பி. கருவிப்பட்டையில் உள்ள வசதிகளை எண்ணித் தொகுப்பியைத் தேர்வதே பெருவழக்காக உள்ளது. தமிழ் ஆய்வுரைக்கு அவ்வளவுகோல் போதாது. உள்ளிடப்படும் உரையைத் தொகுப்பி எவ்வாறு மாற்றிச் சேமிக்கிறது என்பதே முதன்மை அளவுகோலாதல் வேண்டும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. எழுத்துக் குறியேற்றம், பழைய எழுத்துருக்கள், செய்யுள் வடிவம், தட்டச்சு முறை, உரிமம் ஆகிய ஐந்து நிலைகளில் சிக்கல்களை விளக்கி, இதழாசிரியர்கள் தாமே செய்து பார்க்கத்தக்க சோதனை முறை ஒன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: உரைத்தொகுப்பி, உள்ளடக்க மேலாண்மை அமைப்பு, ஒருங்குறி, இயல்பாக்கம், செய்யுள் வடிவம், ஆய்விதழ்

முன்னுரை

தமிழாய்வின் குறிப்பிடத்தக்க பகுதி இன்று இணைய இதழ்களில் வெளியாகிறது. பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்ட் என்னும் அமைப்பு 2001இல் வெளியிட்ட ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்னும் கட்டற்ற மென்பொருளைத் தமிழிதழ்கள் பலவும் பயன்படுத்துகின்றன. இவ்வமைப்பில் கட்டுரையாளரே தம் கட்டுரையின் தலைப்பு, சுருக்கம், தன்விவரம் ஆகியவற்றை உள்ளிடுகிறார். முழுக்கட்டுரை பெரும்பாலும் பி.டி.எப். கோப்பாக அமைகிறது, சுருக்கமோ டைனிஎம்சிஇ என்னும் தொகுப்பியின் வழியாகத் தரவுத்தளத்தைச் சென்றடைகிறது. பிற அட்டவணைத் தளங்கள் திரட்டிக்கொள்வது அச்சுருக்கத்தையே. ஆகவே, அங்கு நேரும் ஓர் எழுத்துப் பிழை இதழின் எல்லையோடு நில்லாது, அதனைத் திரட்டும் தளங்கள் அனைத்திற்கும் பரவுகிறது. தொகுப்பியைத் தேர்வது கணினி வல்லுநரின் தனிப்பொறுப்பன்று, பதிப்பாசிரியரின் பொறுப்புமாகும் என்பதற்கு இதுவே அடிப்படை.

1. தொகுப்பியின் இயல்பும் வகையும்

சொற்செயலியில் எழுதுவதுபோலவே எழுதவும் வடிவமைக்கவும் இடந்தந்து, பின்னணியில் எச்.டி.எம்.எல். குறிகளை உருவாக்கித் தரும் மென்பொருள் காட்சிவழி உரைத்தொகுப்பியாகும். 2000ஆம் ஆண்டில் வெளியான இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5.5 உலாவி, வலைப்பக்கத்தின் ஒரு பகுதியைத் திருத்தத்தக்கதாக அறிவிக்கும் வசதியைத் தந்தது. அவ்வகை வசதிகளின்மேல் 2003இல் எப்சிகேஎடிட்டரும் 2004இல் டைனிஎம்சிஇயும் எழுந்தன. முன்னது 2009இல் சிகேஎடிட்டர் எனப் பெயர் மாறியது.

சேமிக்கும் முறையை நோக்கின் தொகுப்பிகளை மூவகைப்படுத்தலாம். முதல் வகை, எச்.டி.எம்.எல். உரையையே நேரடியாகக் கையாளுவது. டைனிஎம்சிஇ, சிகேஎடிட்டர் 4 ஆகியன இவ்வகையின. இரண்டாம் வகை, உரையைத் தனக்கேயுரிய உள்ளமைப்பாக வைத்துக்கொண்டு, வேண்டும்பொழுது எச்.டி.எம்.எல். வடிவில் வெளியிடுவது, சிகேஎடிட்டர் 5, புரோஸ்மிரர், குவில் ஆகியன இதில் அடங்கும். தன் உள்ளமைப்பில் இடமில்லாத குறியை இவ்வகைத் தொகுப்பி இயல்பாகவே விட்டுவிடும். மூன்றாம் வகை, உரையைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துச் சேமிப்பது. 2018 டிசம்பரில் வெளியான வேர்டுபிரஸ் 5.0 பதிப்பின் தொகுப்பி இதற்குச் சான்று. இம்மூன்றனுள் ஒன்று உயர்ந்தது, மற்றவை தாழ்ந்தவை எனல் பொருந்தாது. எவ்வகை உரை, எவ்வளவு காலத்திற்கு என்னும் வினாக்களே தேர்வைத் தீர்மானிக்கின்றன.

2. ஒருங்குறிச் சேமிப்பும் தேடலும்

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் தமிழ்ச்சொல் கணினியில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகளில் சேமிக்கப்படலாம். ‘கொற்றவை’ என்னும் சொல்லின் முதலெழுத்தை எடுத்துக்கொள்வோம். ககரத்தோடு ஒகரக் குறியீடு ஒன்றைச் சேர்த்தும் அதனை எழுதலாம். ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். இரண்டும் சமமானவை என ஒருங்குறித் தரம் வரையறுக்கிறது. ஆயினும், அச்சமன்மையைக் கருதாது குறியெண்களை மட்டும் ஒப்பிடும் தேடலில், ஒன்றைத் தேடுபவருக்கு மற்றொன்று கிடைக்காது. ஓகார, ஔகார உயிர்மெய்களுக்கும் இது பொருந்தும்.

இச்சிக்கலை இயல்பாக்கம் என்னும் செயல்முறை தீர்க்கிறது. பிரிந்து நிற்கும் குறிகளை ஒன்றாக்கும் இயல்பாக்க வடிவத்தை ஒருங்குறித் தரமே வகுத்துள்ளது. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 2015ஆம் ஆண்டுத் தரத்திலேயே இதற்கான செயற்கூறு இடம்பெற்றுவிட்டது. எனவே, ஒட்டப்படும் உரையை இடைமறித்துத் திருத்த இடந்தரும் தொகுப்பி எதிலும் சில வரிகளில் இதனைச் சேர்க்கலாம். டைனிஎம்சிஇ, சிகேஎடிட்டர் 5 ஆகிய இரண்டும் அவ்விடத்தைத் தருகின்றன. எனினும் உரை வேறு வழிகளிலும் தரவுத்தளத்தை அடையக்கூடுமாதலின், வழங்கியிலும் இயல்பாக்கம் செய்வதே பாதுகாப்பானது.

இயல்பாக்கத்தால் தீராத பிழையும் உண்டு. ‘ஔவை’ என்னும் பெயரை ஒகரத்தோடு ளகரத்தைச் சேர்த்து ‘ஒளவை’ என எழுதும் வழக்கம் இணையத்தில் மிகுதி. வடிவ ஒப்புமையால் பெரும்பாலான வாசகர் வேறுபாட்டை உணர்வதில்லை. கணினிக்கோ இது மூன்றெழுத்துச் சொல். இதனைத் தொகுப்பி தானே மாற்றினால் ‘ஒளி’, ‘ஒளவியம்’ போன்றவற்றுள் எது பிழை, எது சரி என்று பிரித்தறிய இயலாது. இங்கு வேண்டுவது தன்னியக்கத் திருத்தமன்று. ஐயத்திற்குரிய இடத்தைச் சுட்டிக்காட்டும் எச்சரிக்கையே.

3. பழைய எழுத்துருக்களும் ஒட்டுதலும்

ஒருங்குறி பரவுவதற்கு முன்பு தட்டச்சிடப்பட்ட ஆய்வேடுகளும் கட்டுரைகளும் பாமினி, வானவில் முதலிய எழுத்துருக்களில் உள்ளன. இவை உரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை அமர்த்தியவை. பாமினியில் ‘தமிழ்’ என்னும் சொல் நான்கு உரோமன் எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்படுகிறது. அதனைத் தமிழாகக் காட்டுவது எழுத்துருவின் பெயர் ஒன்றே.

சொற்செயலியிலிருந்து ஒட்டப்படும் உரையில் தேவையற்ற வடிவக் குறிகள் ஏராளமாக வரும். அவற்றைத் துப்புரவாக நீக்குவது நல்ல தொகுப்பியின் சிறப்பாகக் கருதப்படுகிறது. பிறமொழி உரைகளுக்கு அது சிறப்பே. பாமினி உரைக்கோ அதுவே கேடாகிறது. எழுத்துருப் பெயர் நீங்கியதும் எஞ்சுவது பொருளற்ற உரோமன் எழுத்துகளின் கோவை. ஒரே கட்டுரையில் பாமினியும் வேறோர் எழுத்துருவும் கலந்திருப்பின், எப்பகுதி எதற்குரியது என்பதை அறிவதற்கான ஒரே சான்றும் அழிந்துபோகிறது. மாறாக, எழுத்துருப் பெயரை அப்படியே விட்டுவைப்பதும் தீர்வாகாது. அவ்வெழுத்துரு இல்லாத கணினியிலும் தேடுபொறியிலும் அவ்வுரை தமிழாகாது.

ஆகவே வரிசை முறை இன்றியமையாதது. முதலில் எழுத்துருவை அறிதல், அடுத்து ஒருங்குறிக்கு மாற்றுதல், அதன்பின் துப்புரவு என்பதே சரியான வரிசை. இம்மூன்றையும் ஒட்டும் நிகழ்விலேயே செய்ய இயலாத நிலையில், பழைய எழுத்துருப் பெயரைக் கண்டவுடன் ஒட்டுதலைத் தடுத்து, மாற்றியபின் வருமாறு அறிவிக்கும் அமைப்பே போதுமானது.

4. செய்யுள் வடிவமும் தன்னியக்கத் திருத்தமும்

தமிழாய்வுக் கட்டுரை மேற்கோட் செய்யுளின்றி அமைவது அரிது. செய்யுளுக்கு அடி ஓர் அலகு. பெரும்பாலான தொகுப்பிகளுக்கு அது அலகன்று. என்டர் விசையை அழுத்தினால் புதிய பத்தி தோன்றுகிறது. ஷிப்டு விசையுடன் சேர்த்து அழுத்தினால்தான் வரி மட்டும் முறிகிறது. இவ்வேறுபாட்டை அறியாது உள்ளிடப்படும் ஆசிரியப்பா, அடிதோறும் ஒரு பத்தியாகச் சிதறுகிறது. சீர்களுக்கிடையே இடைவெளியைக் கூட்டுவதற்காக இடப்படும் வெற்றிடங்கள், முறியா வெற்றிடம் என்னும் வேறொரு குறியாகச் சேமிக்கப்படுவதால், பின்னர் அத்தொடரைத் தேடுவதும் தடைப்படலாம். வேர்டுபிரசு செய்யுளுக்கெனத் தனித் தொகுதி ஒன்றைக் கொண்டிருப்பதும், அதில் வரிமுறிவும் வெற்றிடமும் காக்கப்படுவதும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கன.

தன்னியக்கத் திருத்தம் இன்னும் நுண்ணிய சிக்கல்களைத் தோற்றுவிக்கிறது. வரியின் தொடக்கத்தில் எண்ணும் புள்ளியும் இட்டு வெற்றிடம் விட்டால், அதனை எண்ணிட்ட பட்டியலாக மாற்றும் இயல்பு அண்மைக்காலத் தொகுப்பிகளில் உள்ளது. அவ்வாறு மாறிய பின் அவ்வெண் உரையின் பகுதியாக இருப்பதில்லை; உலாவி தானே எண்ணிக் காட்டுகிறது. புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. பாடல்களை எண்ணிட்ட பட்டியலாக உள்ளிட்டால், 266ஐ அடுத்து வரும் 269ஆம் பாடல் 267 என்றே திரையில் தோன்றும். அடுத்தடுத்த பாடல்களின் எண்களும் இரண்டிரண்டாகக் குறையும். அதனை நம்பி மேற்கோள் காட்டும் ஆய்வாளரின் அடிக்குறிப்பு முழுவதும் பிழையாகும். தட்டியவர் சரியாகத் தட்டியிருந்தும் இப்பிழை நேர்கிறது என்பது கருதத்தக்கது.

இதுபோன்றே, மூன்று புள்ளிகளை ஒற்றைக் குறியாக மாற்றும் வசதியும் சிகேஎடிட்டர் 5இல் உண்டு. சுவடி சிதைந்த இடங்களைப் புள்ளிகளிட்டுக் காட்டுவது தமிழ்ப் பதிப்பு மரபு. புள்ளிகளின் எண்ணிக்கைக்குப் பதிப்பாசிரியர் பொருள் வைத்திருப்பாராயின், அப்பொருள் ஓசையின்றி மறைந்துவிடும். நேரிசை வெண்பாவின் தனிச்சொல்லுக்கு முன் இடப்படும் சிறுகோடும் இவ்வகை மாற்றத்திற்கு உட்படக்கூடும். ஆய்வுத்தளத்தில் இத்திருத்தங்கள் அனைத்தையும் நிறுத்தி வைப்பதே முறை. அவற்றை நிறுத்த இடந்தராத தொகுப்பி, வேறு சிறப்புகள் எவ்வளவிருப்பினும் ஆய்வுத்தளத்திற்கு ஏற்றதன்று.

5. தட்டச்சும் அழித்தலும்

தமிழ்நாட்டரசு 1999இல் தமிழ்99 விசைப்பலகையைத் தரமாக அறிவித்தது. அதனோடு ஒலிபெயர்ப்பு முறையும் தட்டச்சுப்பொறி முறையும் வழக்கில் உள்ளன. இம்முறைகளில் ஒரு விசையழுத்தம் முன்னெழுத்தை மாற்றியமைக்கக்கூடும். திறன்பேசியில் எழுத்துகள் முழுமையடையும் வரை உள்ளீடு இடைநிலையிலேயே நிற்பதும் உண்டு. விசையழுத்தத்தை மட்டும் நம்பி இயங்கும் தொகுப்பியில் எழுத்து இரட்டிப்பதும் சுட்டி இடம்பெயர்வதும் நேரும்.

அழித்தலிலும் ஒத்த முறை இல்லை. ‘கொ’ என்னும் எழுத்திற்குப்பின் பேக்ஸ்பேஸ் விசையை அழுத்தினால் ஒகரக் குறி மட்டும் நீங்கிக் ககரம் எஞ்சுவது ஒரு முறை. உயிர்மெய் முழுவதும் நீங்குவது மற்றொரு முறை. எதுவாயினும் தளம் முழுவதும் ஒரே முறையாக இருத்தல் வேண்டும். இதனை ஆங்கில உரையைக் கொண்டு சோதித்தறிய இயலாது.

6. உரிமமும் நீடிப்பும்

டைனிஎம்சிஇயின் 6ஆம் பதிப்பு 2022இல் எம்.ஐ.டி. உரிமத்தில் வெளிவந்தது; 2024இல் வந்த 7ஆம் பதிப்பு ஜி.பி.எல். உரிமத்திற்கு மாறியது. சிகேஎடிட்டர் 4இன் கட்டணமில்லாப் பராமரிப்பு 2023 ஜூனில் முடிவுற்றது. அதனைப் பயன்படுத்தி வந்த துருபால் அமைப்பு, தன் 10ஆம் பதிப்பில் சிகேஎடிட்டர் 5க்கு மாறியது. இம்மாற்றங்களால் பெறப்படும் உண்மை ஒன்றே: தொகுப்பியின் ஆயுள் குறுகியது, உரையின் ஆயுள் நெடியது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள் திஸ்கி குறியேற்றத்தில் வெளிவந்து, பின்னர் ஒருங்குறிக்கு மாறின. உரை ஒழுங்காகச் சேமிக்கப்பட்டிருந்தால்தான் இத்தகைய இடமாற்றம் எளிதாகும். அடிக்குறிப்பு, ஒட்டுதல் துப்புரவு போன்ற கூறுகள் சில தொகுப்பிகளில் கட்டணத்திற்குரியன என்பதையும் தேர்வுக்கு முன்பே அறிந்திருத்தல் நன்று.

7. சோதனை முறை

தொகுப்பியைத் தேர்வதற்கு முன், பின்வருவன அடங்கிய ஒரு பக்க மாதிரியுரையைத் தயாரித்துக்கொள்ளலாம்.

1. ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களை இருவகைக் குறியேற்றத்திலும் கொண்ட சொற்கள்.
2. பாமினி எழுத்துருவில் அமைந்த பத்தி ஒன்று, சொற்செயலிக் கோப்பிலிருந்து.
3. ஓர் ஆசிரியப்பா; தனிச்சொல்லுடன் கூடிய ஒரு நேரிசை வெண்பா.
4. இடையே எண் விடுபட்ட பாடல் வரிசை.
5. வெவ்வேறு எண்ணிக்கையிலான புள்ளிகளால் சிதைவு காட்டப்பட்ட அடிகள்.
6. தமிழ்99 முறையிலும் திறன்பேசியிலும் நேரடியாகத் தட்டச்சிடப்பட்ட இரு பத்திகள்.

இதனை உள்ளிட்டுச் சேமித்து, மீண்டும் திறந்து, எதையும் மாற்றாது மறுபடியும் சேமிக்க வேண்டும். பின்னர் மூல வடிவத்தை முதல் உரையோடு ஒப்பிட வேண்டும். திரைத்தோற்றத்தை ஒப்பிடுவதால் பயனில்லை. தளத்தின் வழங்கியில் அனுமதிக்கப்பட்ட குறிகளின் பட்டியல் தனியே இருக்கும். தொகுப்பி காத்த வடிவத்தை அது நீக்கிவிடக்கூடுமாதலின், சோதனை தரவுத்தளத்தில் எஞ்சிய உரை வரை செல்லுதல் வேண்டும். ஒவ்வொரு பதிப்பு மேம்பாட்டின்போதும் இதே மாதிரியுரையைக் கொண்டு சோதித்தல் நலம்.

முடிவுரை

ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்சில் இயங்கும் இதழ், அதனோடு வரும் டைனிஎம்சிஇயை மாற்ற வேண்டுவதில்லை. தன்னியக்கத் திருத்தத்தை நிறுத்தி, இயல்பாக்கத்தைச் சேர்த்து, கருவிப்பட்டையைத் தேவையான அளவிற்குச் சுருக்கினால் போதும். செய்யுளும் உரையும் கலந்து வெளியிடும் துறைத்தளத்திற்குச் செய்யுள் தொகுதியுடைய அமைப்பு ஏற்றது. மூலபாடங்களைத் தொகுக்கும் மின்னூலகத்திற்கு இவ்விரண்டும் போதா. அடி, பாடலெண், திணை, துறை, கூற்று ஆகியவற்றைத் தனித்தனி உறுப்புகளாக வரையறுக்க இடந்தரும் புரோஸ்மிரர் போன்ற அடித்தளம் அதற்கு வேண்டும். அல்லது, மூலபாடத்தை டி.இ.ஐ. நெறிமுறைப்படி எக்ஸ்.எம்.எல். கோப்புகளாக வைத்து, தொகுப்பியை விளக்கவுரைக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும்.

ஏடெழுதுவோர் பிழையை இனங்காணப் பாடவேறுபாட்டு ஆய்வு உதவுகிறது. அங்குப் படிகள் பல உள்ளன. தொகுப்பி செய்யும் மாற்றமோ எல்லாப் படிகளிலும் ஒன்றுபோலவே நிகழ்வதால், ஒப்பிட்டு அறியப் பிறிதொரு படி எஞ்சுவதில்லை. இதழாசிரியர்கள் உள்ளிடுவதற்கு முந்தைய மூலக்கோப்பைப் பாதுகாப்பதும், கட்டுரையாளர்கள் வெளியான தம் சுருக்கத்தை அம்மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பதும் இக்காரணத்தால் இன்றியமையாதனவாகின்றன.