மீனாட்சி அரசியின் மரணமும் சந்தா சாகிப் சுமந்த பழியும்

ஓர் அரசியைக் கொன்ற பழியைச் சுமந்த பிரபு என்று திருச்சிராப்பள்ளியின் வரலாற்றில் ஒருவரைக் குறிப்பிட வேண்டுமானால், அவர் ஆற்காட்டு நவாபின் மருமகனும் திவானுமாகிய சந்தா சாகிப்தான். அவரால் ஆட்சியையும் உயிரையும் இழந்தவர், மதுரை நாயக்க மரபின் கடைசி ஆட்சியாளராகிய மீனாட்சி. 1736ஆம் ஆண்டில் தம் சொந்த அரண்மனைக்குள்ளேயே காவலில் வைக்கப்பட்ட மீனாட்சி நஞ்சுண்டு மாண்டார் என்பதும், விசுவநாத நாயக்கர் தொடங்கி இருநூறு ஆண்டுகள் நீடித்த நாயக்கர் ஆட்சி அத்துடன் முடிவுற்றது என்பதும் பாடநூல்களில் ஓரிரு வரிகளில் கடந்துபோகும் செய்திகள். அந்த ஓரிரு வரிகளுக்குப் பின்னால் பொய்ச் சத்தியம், பட்டுறைக்குள் வைத்த செங்கல், ஒரு கோடி ரூபாய், வாரிசுச் சண்டை என்று நீளும் ஒரு கதை இருக்கிறது. வரலாறு எது, பிற்காலத்தார் சேர்த்தது எது என்று அதில் பிரித்துப் பார்க்காதவரை சந்தா சாகிப்பின் குற்றமும் விளங்காது, மீனாட்சியின் ஆளுமையும் விளங்காது.

நாயக்கர்களின் தலைநகரம் எப்போதும் மதுரையாகவே இருந்துவிடவில்லை. திருமலை நாயக்கருக்குப் பின் ஆட்சி செய்த சொக்கநாத நாயக்கர் 1660களில் தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றி, மலைக்கோட்டையின் அடிவாரத்தில் அரண்மனை எழுப்பினார். அந்த அரண்மனையில் எஞ்சியிருக்கும் கொலுமண்டபம், அதாவது அரசர் அவை கூட்டும் மண்டபம், இன்று இராணி மங்கம்மாள் மகால் என்ற பெயரில் டவுன்ஹால் வளாகத்தில் நிற்கிறது. அரசு அருங்காட்சியகமும் அங்கேதான் செயல்படுகிறது. பெயரனுக்காக 1689 முதல் ஆட்சிப் பொறுப்பேற்றிருந்த மங்கம்மாளுக்குப் பின் பட்டத்துக்கு வந்த விஜயரங்க சொக்கநாதர், படை நடத்துவதைவிடக் கோயில் பணிகளிலேயே மனத்தைச் செலுத்தியவர். திருவரங்கம் பெரிய கோயிலில் அவர் தம் குடும்பத்தாருடன் கைகூப்பி நிற்கும் ஆளுயரச் சிலைகளை இன்றும் காணலாம். அவர் 1732இல் ஆண் வாரிசு இல்லாமல் மறைந்தபோது, அவருடைய மனைவியாகிய மீனாட்சி அரியணை ஏறினார்.

அவர் ஏற்றுக்கொண்டது ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த ஓர் அரசு. திருமலை நாயக்கரின் பங்காளி வழியில் வந்த பங்காரு திருமலை என்பவர் பட்டத்துக்கு உரிமை கோரினார். மீனாட்சி அவருடைய மகன் விஜயகுமாரனையே சுவீகாரம் எடுத்து, அதாவது சட்டப்படி தத்தெடுத்து, அந்தப் பூசலைத் தணிக்க முயன்றார். மகன் நாளைக்கு அரசனாவான் என்றால் தந்தை இன்று அடங்கியிருப்பார் என்ற கணக்கில் நிதானமும் அரசியல் அறிவும் இருந்தன. ஆனால் பங்காரு திருமலை அடங்கவில்லை. படைத்தலைமையும் அமைச்சுப் பொறுப்பும் சேர்ந்த பதவியைத் தளவாய் என்பார்கள்; அப்பதவியில் இருந்த வெங்கடாசாரியார் பங்காருவின் பக்கம் சாய்ந்து கோட்டையைக் கைப்பற்றவே முயன்று தோற்றார். வெளியிலிருந்து எவரும் வருவதற்கு முன்பே அரண்மனை இரண்டுபட்டுக் கிடந்தது என்பதை மனத்தில் இருத்தாமல் பின்னால் நடந்தவற்றைப் புரிந்துகொள்ள இயலாது.

வெளியிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு சாக்கும் தயாராக இருந்தது. நவாப் என்பவர் முகலாயப் பேரரசின் பெயரால் ஒரு நிலப்பகுதியை ஆண்டு வரி தண்டிய அதிகாரி. மங்கம்மாள் காலத்திலிருந்தே நாயக்க அரசு முகலாயருக்குத் திறை, அதாவது மேலரசுக்குச் செலுத்தும் கப்பம், கட்ட ஒப்புக்கொண்டிருந்தது. முகலாயரின் பிடி தளர்ந்த பிறகு அந்தத் திறையைக் கேட்கும் உரிமை தமக்கே வந்துவிட்டதாக ஆற்காட்டு நவாப்கள் எடுத்துக்கொண்டார்கள். 1734இல் நவாப் தோஸ்த் அலி கான் தம் மகன் சப்தர் அலியையும் மருமகன் சந்தா சாகிப்பையும் ஒரு படையுடன் தெற்கே அனுப்பியதற்குச் சொல்லப்பட்ட காரணம் திறை பாக்கி. உள்நோக்கம், தெற்கில் வலுவிழந்து நிற்கும் அரசு எது என்று பார்ப்பது. உசேன் தோஸ்த் கான் என்ற இயற்பெயர் கொண்ட சந்தா சாகிப், கொங்கணக் கரை வழியாக வந்து ஆற்காட்டில் செல்வாக்குப் பெற்ற நவாயத் குலத்தைச் சேர்ந்தவர். திவான் என்ற முறையில் நவாபின் வரவு செலவு முழுவதும் அவர் கையில் இருந்தது. பணம் எங்கே இருக்கிறது, யாரிடம் பேசினால் கிடைக்கும் என்பதைக் கணக்கிடுவதில் அவருக்கு நிகரானவர் அந்த அவையில் இல்லை.

மதுரைச் சீமையின் வரலாற்றைத் தொகுத்தவர்கள் தரும் விவரத்தின்படி, பங்காரு திருமலை முந்திக்கொண்டு சப்தர் அலிக்கு முப்பது இலட்சம் ரூபாய் தருவதாக வாக்களித்துத் தமக்குச் சாதகமான முடிவைப் பெற்றார். சப்தர் அலி விவகாரத்தைச் சந்தா சாகிப்பின் பொறுப்பில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். உடனே மீனாட்சி சந்தா சாகிப்பிடம் ஒரு கோடி ரூபாய் தருவதாகப் பேசி, தம் ஆட்சியைக் காப்பதாகச் சத்தியம் செய்து தரும்படி கேட்டார். இங்கேதான் கதையின் புகழ்பெற்ற காட்சி வருகிறது. சந்தா சாகிப் பட்டுறையில் பொதிந்த திருக்குர்ஆனின் மீது கைவைத்துச் சத்தியம் செய்தார். ஆனால் அந்தப் பட்டுறைக்குள் இருந்தது திருமறை அன்று, ஒரு செங்கல் என்கிறது இம்மரபு. 1868இல் வெளிவந்த நெல்சனின் மதுரை நாட்டுக் கையேட்டில் இடம்பெற்று, பின்னால் வந்த நூல்கள் பலவற்றிலும் இக்காட்சி தொடர்ந்தது.

செங்கல் உண்மையா என்ற கேள்விக்கு விடை காண்பதைவிட, அக்கதை எதைச் சொல்ல வருகிறது என்று பார்ப்பது பயனுடையது. திருமறையைத் தொட்டுச் செய்த சத்தியத்தை ஓர் இசுலாமியர் மீறமாட்டார் என்று மீனாட்சியும் நம்பினார், கதையைச் சொன்ன மக்களும் நம்பினார்கள். ஆகவே வஞ்சகம் நடந்தது என்றால் உறைக்குள் இருந்தது வேறு பொருளாகத்தான் இருக்க முடியும் என்று ஊர் முடிவு கட்டியது. பழியை மதத்தின் மேல் போடாமல் மனிதனின் மேல் போட்ட கதை இது. நூற்றாண்டுகளாகப் பல சமயத்தாரும் நெருங்கி வாழும் ஒரு நகரத்தில் இக்கதை இந்த வடிவம் எடுத்தது தற்செயல் என்று கொள்ள இயலாது.

வேறொரு கதை அவ்வளவு நேர்மையானதன்று. மீனாட்சி சந்தா சாகிப்பின் மேல் காதல் கொண்டு கோட்டைக் கதவைத் திறந்துவிட்டார் என்று 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய எழுத்தில் ஒரு வதந்தி பதிவாகியுள்ளது. விஜயரங்கரின் அவையில் அலுவல் பார்த்த தாயுமானவரை அரசி விரும்பியதாகவும், அதனால் அவர் திருச்சியை விட்டே வெளியேறியதாகவும் அவருடைய வாழ்க்கை வரலாற்று மரபு சொல்கிறது. கணவனை இழந்த ஒரு பெண் அரியணையில் அமர்ந்தால் அவருடைய ஒவ்வொரு முடிவுக்கும் ஆசையைக் காரணமாகக் காட்டும் பழக்கம் வெள்ளைக்காரர் எழுத்திலும் இருந்தது, நம் மரபிலும் இருந்தது. நடந்தவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் வேறொரு மீனாட்சியே தெரிகிறார்: எதிரியின் மகனைத் தத்தெடுத்தார், கலகம் செய்த தளவாயை முறியடித்தார், எதிரி கொடுத்த விலையைவிட மூன்று மடங்கு கொடுத்து நவாபின் படையைப் பங்காருவிடமிருந்து பிரித்தார். தம்மிடம் இருந்த கருவிகள் அனைத்தையும் முறையாகப் பயன்படுத்திய ஆட்சியாளர் அவர். படைபலம் மட்டும்தான் அவரிடம் இல்லை.

பணத்தைப் பெற்றுச் சென்ற சந்தா சாகிப் 1736இல் மீண்டும் வந்தார். இதற்குள் மீனாட்சியும் பங்காருவும் சமாதானமாகி, பங்காரு மதுரைப் பக்கம் தங்கியிருந்தார் என்று ஒரு வரலாறு கூறுகிறது. சந்தா சாகிப் அனுப்பிய படை திண்டுக்கல்லை அடுத்த அம்மையநாயக்கனூரில் பங்காருவைத் தோற்கடித்தது. அவர் சிவகங்கைக்குத் தப்பி ஓடினார். அதன்பின் மறைவுக்கு அவசியமே இல்லாமல் போயிற்று. காப்பாற்றுவதாகச் சொல்லிக் கோட்டைக்குள் நுழைந்தவர் கோட்டை வாயில்களைத் தம் ஆட்களிடம் ஒப்படைத்து, அரசியை அரண்மனைக்குள்ளேயே சிறைவைத்தார். துயரத்தால் மாண்டார் என்பார் சிலர். நஞ்சுண்டு மாண்டார் என்பதே உள்ளூர் மரபும் பெரும்பாலான வரலாற்று நூல்களும் ஏற்கும் முடிவு.

நஞ்சை அரசி தம் கையால் அருந்தினார் என்றால் சந்தா சாகிப்பைக் கொலைகாரர் என்று சொல்லலாமா என்ற கேள்வி எழுவது இயல்பு. இன்றைய சட்டம் கொலையையும் தற்கொலைக்குத் தூண்டுவதையும் வெவ்வேறு குற்றங்களாகவே வைத்திருக்கிறது. பின்னதற்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 306ஆம் பிரிவு இருந்தது, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 108ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் நாட்டைப் பிடுங்கி, துணையானவர்களைத் துரத்தி, வாயிலில் காவல் வைத்து ஒருவரை அடைத்த பின், அவர் முன் இருந்த வழிகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், திருச்சி மக்கள் சந்தா சாகிப்பின் மேல் சுமத்திய கொலைப்பழி நியாயமானது என்றே தோன்றும். அவர் மேல் வழக்குத் தொடுக்கவோ தண்டிக்கவோ அப்போது எவருக்கும் அதிகாரம் இருக்கவில்லை. சோழர் காலத்தில் ஆதித்த கரிகாலனின் கொலைக்குத் தொடர்புடையவர்களின் உடைமைகளைப் பறிமுதல் செய்யும்படி இராசராசன் பிறப்பித்த ஆணை உடையார்குடிக் கோயில் சுவரில் பெயர்களோடு வெட்டப்பட்டிருக்கிறது. மீனாட்சிக்கு அப்படி ஒரு கல்வெட்டு எழுத ஓர் அரசே மிஞ்சவில்லை.

சந்தா சாகிப்பின் வெற்றி ஐந்தாண்டுகூட நிலைக்கவில்லை. பங்காரு திருமலையும் தஞ்சை அரசரும் மராத்தியரின் உதவியை நாடினார்கள். 1740 மே மாதம் தாமல்செருவுக் கணவாயில் நவாப் தோஸ்த் அலி கொல்லப்பட்டார். 1741 மார்ச்சில் மராத்தியத் தளபதி இரகோஜி போன்ஸ்லேயின் படை திருச்சிக் கோட்டையைப் பிடித்து, சந்தா சாகிப்பைக் கைதியாகச் சதாராவுக்குக் கொண்டுசென்றது. அவரைக் காக்க வந்த சகோதரர்கள் போரில் மடிந்தனர். குடும்பம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் தஞ்சம் புகுந்தது. ஏழாண்டுகள் கழித்து விடுதலையாகி வந்தவர் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துணையோடு 1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் வென்று ஆற்காட்டு நவாப் ஆனார். அதுவரை நவாபாக இருந்து அப்போரில் தோற்றவரின் மகன் முகம்மது அலி ஓடி ஒளிந்த இடம் திருச்சிக் கோட்டை. மீனாட்சியிடமிருந்து வஞ்சகத்தால் பெற்ற கோட்டையை இப்போது போரிட்டுப் பெற வேண்டிய நிலை சந்தா சாகிப்புக்கு வந்தது.

1751இல் தொடங்கிய அந்த முற்றுகையின் களம் நகருக்குத் தெற்கேயும் விரிந்திருந்தது. இன்று பொன்மலை, விமான நிலையம், கே.கே. நகர் என்று வீடுகள் நெருங்கிக் கிடக்கும் தெற்குச் சமவெளி அன்று பாறைக் குன்றுகள் நிறைந்த வெட்டவெளியாக இருந்து, அந்தப் பத்தாண்டுப் போர்களில் பலமுறை படைகள் மோதிய நிலமாயிற்று. முகம்மது அலிக்குத் துணைவந்த ஆங்கிலேயத் தளபதிகள் கிளைவும் லாரன்சும் நெருக்கியதால் பிரெஞ்சுத் தளபதி லா 1752 ஏப்ரலில் காவிரிக்கு அப்பால் பின்வாங்க, திருவரங்கம், திருவானைக்காவல் கோயில்களின் மதில்களே படைவீரர்களுக்கு அரணாயின. கிளைவ் சமயபுரத்தில் முகாமிட்டு வடக்கு வழியை அடைத்தபின் திருவரங்கத் தீவுக்குள் உணவும் தீர்ந்தது, பணமும் தீர்ந்தது, படையும் கலைந்தது.

வேறு வழியில்லாத சந்தா சாகிப் எதிரணியில் இருந்த தஞ்சை மராத்தியத் தளபதி மானோஜியிடம் உயிர்ப்பிச்சை கேட்டுப் பேச்சு நடத்தினார். மானோஜி தம் வாளின் மேலும் குறுவாளின் மேலும் ஆணையிட்டுப் பாதுகாப்பாக அனுப்பிவைப்பதாக வாக்களித்தார். மராத்தியருக்கு அதைவிட உயர்ந்த சத்தியம் இல்லை. முகாமுக்குள் வந்தவுடன் விலங்கு மாட்டப்பட்டது. கைதி யாருக்கு உரியவர் என்று முகம்மது அலி, அவருக்குத் துணைநின்ற மைசூரார், மராத்தியர், ஆங்கிலேயர் ஆகியோரிடையே வழக்கு எழவே, மானோஜி 1752 ஜூன் மாதம் அவர் தலையை வெட்டச் செய்து வழக்கை முடித்தார். கொல்ல வந்தவர் கண்டது தரையில் கிடந்த நோயுற்ற முதியவர் ஒருவரை என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர் ஓர்ம் எழுதுகிறார். அத்தலையை ஓர் ஒட்டகத்தின் கழுத்தில் கட்டிக் கோட்டை மதிலைச் சுற்றி ஐந்து முறை ஊர்வலம் விட்டதையும் அவரே பதிவு செய்துள்ளார்.

இந்த இடத்தில் மக்கள் கதையை முடித்துவைத்தார்கள். சந்தா சாகிப் கொல்லப்பட்ட தளவாய் மண்டபமும், முன்பு அவர் அரசியிடம் பொய்ச் சத்தியம் செய்த மண்டபமும் ஒன்றே என்று இசுலாமியர்களே சொல்லிக்கொண்டதாக 19ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள் குறித்துள்ளனர். இடம் ஒன்றாகவே இருந்திருந்தாலும் அதில் நீதி கிடைத்ததாகச் சொல்ல இயலாது. மானோஜி வாக்கை மீறியது மீனாட்சிக்காக அன்று. ஒருவரின் பொய்ச் சத்தியத்தால் அரசியும் இன்னொருவரின் பொய்ச் சத்தியத்தால் அவரை வஞ்சித்தவரும் மாண்டார்கள். இரண்டிலும் ஆதாயம் பெற்றவர்கள் வேறு. முகம்மது அலி ஆங்கிலேயரின் துணையால் நவாப் ஆகி, வாங்கிய கடனை அடைக்க முடியாமல் நாட்டையே அவர்கள் கையில் விடும் நிலைக்கு வந்தார். 1801இல் கர்நாடகம் எனப்பட்ட ஆற்காட்டு நவாபின் நாடு முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் போயிற்று. முகம்மது அலியும் சந்தா சாகிப்பும் திருச்சி நத்தர்வலி தர்காவில் அடக்கம் செய்யப்பட்டதாகப் பழைய விவரச்சுவடிகள் கூறுகின்றன.

மங்கம்மாளுக்குச் சாலையும் சத்திரமும் மகாலும் பெயர் சொல்ல இருக்கின்றன. நான்கே ஆண்டுகள், அதுவும் இரு பக்கமும் பகை சூழ ஆட்சி செய்த மீனாட்சிக்கு ஏமாந்த பெண் என்ற பெயர்தான் எஞ்சியிருக்கிறது. கே.கே. நகரிலோ திருவரங்கத்திலோ பேருந்து ஏறி மெயின்கார்டு கேட்டில் இறங்கி, பிள்ளைகளை அந்த அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், இந்த அரண்மனையில் நாயக்கர்களில் கடைசியாக ஆண்டவர் மீனாட்சி என்ற செய்தியையும் அவர்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.