ஒற்றைத் தலைவலி: தூண்டுவனவும் தணிப்பனவும்

நடவு வயலில் ஒரு பெண் நண்பகலில் தலையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் அமர்ந்துவிட்டால், சோம்பல் என்று பழிப்பாரும் உண்டு. காற்று கருப்பு பட்டுவிட்டது என்று மந்திரித்துத் திருநீறு பூசுவாரும் உண்டு. இரண்டும் அவளுக்கு உதவா. அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம்.

ஒற்றைத் தலைவலி மூளையையும் நரம்புகளையும் சார்ந்த ஒரு நோய். பல குடும்பங்களில் இது பரம்பரையாக வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு மிகுதி. பெரும்பாலும் தலையின் ஒரு பக்கம் விண் விண்ணென்று தெறிக்கும், குமட்டும், வெளிச்சமும் ஓசையும் பொறுக்கா. சிகிச்சையின்றி விட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும்.

இந்நோய் உடையவர்களுக்கு அன்றாட ஒழுங்கு குலைந்தால் வலி கிளம்புகிறது. காலை உணவின்றி வேலைக்குச் செல்லுதல், தாகத்தை அடக்குதல், கண் கூசும் வெயில், நீர் பாய்ச்ச இரவில் கண்விழித்தல், மனக்கவலை, மாதவிடாய் நாட்கள் ஆகியவை வழக்கமான தூண்டுகோல்கள். எல்லாருக்கும் எல்லாம் பொருந்துவதில்லை. பயிர் வாடினால் என்று நீர் பாய்ச்சினோம், என்ன உரமிட்டோம் என்று பின்னோக்கிப் பார்க்கிறோம் அல்லவா? அவ்வாறே வலி வந்த நாளையும், அதற்கு முன் உண்டதையும் உறங்கியதையும் ஒரு நோட்டில் குறித்து வந்தால், இரண்டு மூன்று மாதங்களில் காரணம் புலப்படும்.

வெறும் வயிற்றோடு புறப்படாமல் நீராகாரமோ கூழோ அருந்துவோம். தலைக்குத் துணி கட்டுவோம். இடையிடையே நீர் பருகுவோம். நாள்தோறும் ஒரே நேரத்தில் உறங்குவோம். வலி தொடங்கியதும் இருண்ட, ஓசையற்ற இடத்தில் படுத்து நெற்றியில் ஈரத்துணி இடுவது நலம். சுக்குப் பற்று சிலருக்கு இதம் தரும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடையில் வாங்கும் வலி மாத்திரையில் எச்சரிக்கை தேவை. மாதத்தில் 10, 15 நாட்கள் வீதம் சில மாதங்கள் தொடர்ந்து விழுங்கினால், அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கும். அடிக்கடி வலி வருவோர் ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடவேண்டும். வலி வராமல் தடுக்கும் மருந்துகளும் உண்டு. திடீரெனத் தாக்கும் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் சோர்வு, பேச்சுக் குழறல், 50 வயதுக்குமேல் புதிதாகத் தோன்றும் தலைவலி ஆகியவற்றை ஒற்றைத் தலைவலி என்று எண்ணி வீட்டில் இருந்துவிடலாகாது. உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் இதில் கடமை உண்டு. பொது வேலை நடக்கும் இடத்தில் ஒரு நிழற்பந்தல், ஒரு பானைக் குடிநீர், சிறிது ஓய்வு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சொற்பம். தலைவலியால் ஒரு குடும்பம் இழக்கும் கூலியோ சொற்பமன்று. வலியால் அமர்ந்தவரைப் பழிக்காமல் நிழலில் கிடத்தித் தண்ணீர் கொடுப்போம். வைத்தியம் அங்கிருந்தே தொடங்குகிறது.