பாயிரமும் பத்திரிகைக் கடிதமும்: சொந்தச் செலவில் நூல் வெளியிடுவோர் ஊடகத்தாருக்கு எழுதும் முறை

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வெளிவரும் தமிழ் நூல்களுள் பல, எழுதியவரின் சொந்தப் பணத்தில் அச்சேறுபவை. மெய்ப்புத் திருத்துபவரும், அட்டைக்கு ஓவியம் தேடுபவரும், சென்னையிலோ உள்ளூரிலோ அச்சகத்தாரோடு விலை பேசுபவரும் அவரே. வெளியீட்டு விழாவில் மாலையும் பொன்னாடையும் மாறுகின்றன. மறுநாள் எஞ்சிய படிகள் பெட்டிகளுக்குள் அடங்கி வீட்டு மூலையில் இடம்பிடிக்கின்றன. பெரிய பதிப்பகத்திற்கு விளம்பரப் பிரிவு உண்டு. தனி ஆசிரியரிடம் இருப்பதோ ஒரு கடிதம். 'இப்படி ஒரு நூல் வந்திருக்கிறது' என்று நாளிதழுக்கும் வானொலிக்கும் எழுதும் கடிதம் அது. விண்ணப்பக் கடிதத்தையும் புகார்க் கடிதத்தையும் வகுப்பறையில் கற்பிக்கிறோம். இக்கடிதத்தை எவரும் கற்பிப்பதில்லை. இவ்வுரையில் நாம் ஆராயப் புகுவது அதன் மொழியை.

தன்னைத் தானே புகழ்தல் தமிழ் மரபில் இழுக்கு. கற்றறிந்தோர் பலர் இக்கடிதத்தை எழுதக் கூசுவதற்கு அதுவே காரணம். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரமும், எத்துணை அரிய நூல்களைச் செய்து முடித்தாலும் ஆசிரியன் தன்னைப் புகழ்தல் தகாது என்கிறது. ஆயின் அங்கேயே நின்றுவிடுவோர் அடுத்த நூற்பாவைத் தவறவிடுகின்றனர். புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளத்தக்க இடங்கள் நான்கு என அது வகுக்கிறது: அரசவைக்கு ஓலை விடுக்கும்போது, தன் ஆற்றலை அறியாதாரிடையே, அவையில் வெல்ல வேண்டிய பொழுதில், எதிரி தன்னைப் பழித்த காலையில். முதலிரண்டும் நம் பொருளுக்கு நேரே பொருந்துவன. செய்தி ஆசிரியருக்கு அனுப்பும் கடிதம், நம்மை முன்பின் அறியாத ஓர் அவைக்கு விடுக்கும் ஓலைதானே? எனவே கூச்சத்திற்கு இடமில்லை. எவ்வாறு எழுதுவது என்பதே வினா.

அதற்கும் பாயிரம் விடை வைத்திருக்கிறது. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் உரைப்போர் ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டனையும் சொல்ல வேண்டும். காலம், களம், காரணம் என்னும் மூன்றனையும் சேர்த்துக் கூறுவாரும் உளர். மாணவர்கள் இப்பட்டியலைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்து, தேர்வு மண்டப வாசலிலேயே விட்டுவருவதுண்டு. அவர்களைக் குறைகூறுவதற்கில்லை; அது எதற்குப் பயன்படும் என்று நாம் காட்டியதில்லை.

நூலாசிரியர்களின் கடிதங்கள் பெரும்பாலும் முதல் எட்டிலேயே நின்றுவிடுகின்றன. அவற்றுள்ளும் ஆக்கியோன் பெயரும் அவர் பெற்ற பட்டங்களும் அரைப்பக்கத்தை நிரப்பிவிடும். செய்தி ஆசிரியர் தேடுவதோ கடைசி மூன்றனை. இதைப்பற்றி இன்று ஏன் எழுத வேண்டும் என்பது காலம். எம் வாசகர் வாழும் இடத்தோடு இதற்கென்ன உறவு என்பது களம். இவர் இதை எழுத நேர்ந்தது எதனால் என்பது காரணம். உரைகாரர் களம் என்பதற்கு நூல் அரங்கேறிய அவை என்றே பொருள் கொள்வர். அதனை நாம் சற்று விரித்துக்கொள்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டை அமைத்துப் பார்ப்போம். மலேசிய ரப்பர்த் தோட்டங்களில் வழங்கிய தமிழ்ச் சொற்களை ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தொகுத்து நூலாக்கியிருக்கிறார் எனக் கொள்வோம். அவர் கடிதம் இவ்வாறு தொடங்கக்கூடும்: 'அன்னைத் தமிழுக்கு அணிகலனாய் அமைந்த, அரிய பல கருத்துகளை உள்ளடக்கிய, ஒப்பற்ற ஆய்வு நூலொன்று தங்கள் மேலான பார்வைக்கு அனுப்பிவைக்கப்பட்டுள்ளது.' இலக்கணப் பிழை ஏதுமில்லை, செய்தியும் ஏதுமில்லை. சித்த மருத்துவ நூலுக்கும் சைவ சித்தாந்த நூலுக்கும் இதே வாக்கியத்தை ஓர் எழுத்தும் மாற்றாமல் அனுப்பலாம்.

இனி இதனைப் பாருங்கள்: 'கித்தா, மங்கு, ஒட்டுப்பால், நிரை, பெரட்டு. தோட்டத்தில் வளர்ந்த பாட்டிக்கு இச்சொற்கள் தெரியும். அடுக்குமாடியில் வளரும் பேத்திக்குத் தெரியாது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிய பின் இவற்றைப் பேசுவோர் குறைந்து வருகின்றனர். முன்னாள் பால்வெட்டுத் தொழிலாளர்களை நேரில் கண்டு இச்சொற்களைத் தொகுத்தேன்.' அடைமொழி ஒன்றுகூட இல்லை. காலமும் களமும் காரணமும் உள்ளன. நிருபர் அடுத்து என்ன கேட்பார் என்பதும் தெரிகிறது: அந்தப் பாட்டியை நாங்கள் சந்திக்கலாமா?

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு நடையழகில் இல்லை, தொடரமைப்பில் இருக்கிறது. தமிழில் அடை முன்னே வரும், தலைமைப் பெயர் பின்னே வரும். முதற்கடிதத்தில் 'நூலொன்று' என்னும் சொல்லை அடையுமுன் பத்துச் சொற்களைக் கடக்க வேண்டியுள்ளது. நாள்தோறும் கடிதங்களைப் புரட்டும் ஒருவர் ஐந்தாம் சொல்லிலேயே கண்ணை எடுத்துவிடக்கூடும். 'அனுப்பிவைக்கப்பட்டுள்ளது' என்னும் செயப்பாட்டு வினை மற்றொரு தடை. அனுப்பியவர் யார், செய்தவர் யார் என்பதை அது மறைக்கிறது. பணிவு என்று எண்ணி இதை எழுதுகிறோம். படிப்பவருக்கு அது அலுவலகச் சுற்றறிக்கையாகத் தோன்றுகிறது. 'தொகுத்தேன்' என்பதில் ஓர் ஆள் தெரிகிறார். ஆசிரியர்கள் இதனை வகுப்பில் பயிற்சியாகவே தரலாம்: நூலகத்திலிருந்து ஓர் உள்ளூர் நூலை எடுத்து, அடைமொழியும் செயப்பாட்டு வினையும் இன்றி 100 சொற்களில் அதனைச் செய்தி ஆசிரியருக்கு அறிமுகப்படுத்துக.

புகழுரை அறவே கூடாதா எனின், அதனைப் பிறர் சொல்லட்டும். சிறப்புப்பாயிரம் செய்தற்கு உரியவராக நன்னூல் காட்டுவோர் தன் ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தகுதிவாய்ந்த உரைகாரன் ஆகியோர். நால்வரும் நூலையோ ஆளையோ நன்கு அறிந்தவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று நம்மிடையே நூலைத் திறந்தும் பாராத பிரமுகர்களின் அணிந்துரைகள் மலிந்துவிட்டன. அவற்றைக் கடிதத்தோடு இணைப்பதால் பயனில்லை. முழுவதும் படித்த ஒருவர், குறிப்பிட்ட ஓர் இயலைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியம் போதும். அவர் இசைவு பெற்றுப் பெயரோடு தருக.

யாருக்கு எழுதுவது என்பதும் எளிதன்று. 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசே இன்று சிங்கப்பூரின் ஒரே தமிழ் நாளிதழ். மலேசியாவில் 1924இல் தோன்றிய தமிழ் நேசன் 2019இல் நின்றுபோயிற்று. கதவுகள் சிலவே ஆதலால், ஒரு கதவையும் வீணே தட்டலாகாது. செய்திப் பிரிவுக்கு விழாவும் மனிதரும் வேண்டும். இலக்கியப் பக்கத்திற்கு நூலே வேண்டும். ஒரே கடிதத்தை எல்லாருக்கும் ஒருசேர அனுப்பினால், அது தமக்கென எழுதப்படவில்லை என்பதை ஒவ்வொருவரும் உணர்வர். காலமும் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் ஏப்ரலில் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகள் நாளிதழை நிறைக்கின்றன. பலர் அம்மாதத்தையே நாடுகின்றனர். நம் கருத்தில் தனி ஆசிரியரின் நூலுக்கு அது கடினமான மாதம். ஜூன் மாதத்துச் சிறிய நூலுக்கு இடம் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி.

செய்தி வெளிவருமுன் மற்றொன்றை முடித்திருக்க வேண்டும். படித்தவர் நூலைத் தேடிச் செல்வார். அது எங்கே கிடைக்கும், விலை என்ன என்பது கடிதத்திலேயே இருத்தல் வேண்டும். சட்டப்படி தேசிய நூலகத்திற்குச் சிங்கப்பூரில் இரண்டு படிகளும் மலேசியாவில் ஐந்து படிகளும் தருகிறோம். அவை பாதுகாப்புக்கு உரியவை. இரவல் அடுக்கில் நூல் இடம்பெற வேண்டுமாயின் அதற்குத் தனியே முயல வேண்டும்.

மறுமொழி வாராவிடின் பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம். புதிய செய்தி ஏதேனும் ஒன்றைச் சேர்த்து நினைவூட்டுவது இன்னும் நன்று. நாளிதழாயின் அட்டைப்படத்தோடு, நூலில் பேசப்படும் இடத்தின் அல்லது மனிதரின் படம் ஒன்றையும் உரிய விளக்கத்துடன் இணைக்க. ஒலி 96.8, மின்னல் பண்பலை போன்ற வானொலிகளுக்குப் படம் பயன்படாது. வாய்விட்டுப் படித்தால் இரண்டு நிமிடத்தில் முடியும் பகுதி ஒன்றைப் பக்க எண்ணோடு குறித்து அனுப்புக. அடிக்குறிப்பும் அடைப்புக்குறியும் இல்லாத பகுதியாக அது இருக்கட்டும்.