கால் சொல்லாததைக் கண் சொல்லும்!

ஒட்டன்சத்திரம் சந்தையில் வாங்கி வந்த சின்ன வெங்காயத்தை அம்மா நறுக்குகிறார். பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் உங்கள் கண்ணில் இருந்து பொலபொலவென்று தண்ணீர் கொட்டுகிறது. யாரும் திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. பிறகு ஏன் அழுகை?

வெங்காயத்தில் இருந்து கிளம்பும் ஒரு வாயு கண்ணில் படுகிறது. கண்ணில் உள்ள நரம்புகள் உடனே மூளைக்குத் தகவல் அனுப்புகின்றன. 'கழுவி விடு' என்று மூளை உத்தரவு போட, கண்ணீர்ச் சுரப்பி வேலையைத் தொடங்கி விடுகிறது.

இந்த நரம்புகளையும் கண்ணீரையும் வைத்து, சர்க்கரை நோயால் காலில் வரும் பாதிப்பைக் கண்டுபிடிக்க முடியுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள். கண்ணுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? வாங்க குட்டீஸ், பார்ப்போம்!

முள் குத்தியும் வலிக்கவில்லை

தைப்பூசம் வந்தால் திண்டுக்கல் - பழநி சாலை முழுவதும் பாதயாத்திரை பக்தர்கள்தான். பலர் வெறுங்காலோடு நடப்பார்கள். தார் ரோடு சுட்டால், 'ஸ்... ஆ...' என்று ஓரமாக ஒதுங்குவார்கள்.

ஆனால், பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள சிலருக்குச் சூடே தெரியாது. முள் குத்தினாலும் வலிக்காது. 'அட, எவ்வளவு நல்லது!' என்று நினைத்து விடாதீர்கள். வலி என்பது நம் உடம்பின் காவல்காரன். காவல்காரன் தூங்கி விட்டால், சின்னக் கொப்புளம் கூட யாருக்கும் தெரியாமல் பெரிய புண்ணாகி விடும். புண் முற்றினால், காலையே எடுக்க வேண்டிய நிலை கூட வரலாம்.

ஏன் இப்படி? ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் அதிகமாகவே இருந்தால், நரம்புகளும், அவற்றுக்கு உணவு கொண்டு செல்லும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெடுகின்றன. நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுவதால், கால் விரல்கள்தான் முதலில் மரத்துப் போகும்.

இதைக் கண்டுபிடிக்க, டாக்டர்கள் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு, 'தெரிகிறதா?' என்று கேட்பார்கள். எளிமையான, நல்ல சோதனை. ஆனால், இழை தொடுவது தெரியாமல் போகும்போது, நரம்புகள் ஏற்கெனவே நிறையக் கெட்டிருக்கும். மிகச் சிறிய நரம்புகள் அதற்கு முன்பே பாதிக்கப்படலாம். அவற்றைப் பார்க்க, காலில் சிறிது தோலை வெட்டி எடுக்க வேண்டும்!

கண்ணில் ஒரு ஜன்னல்

வெட்டாமல் நரம்பைப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அதுதான், கருவிழியின் மேல் வாட்ச் கண்ணாடி போல மூடியிருக்கும் 'கார்னியா' என்ற படலம். இதில் ரத்தக் குழாயே கிடையாது. ஆனால், தோலில் இருப்பதைவிடப் பல நூறு மடங்கு நெருக்கமாக நரம்புகள் உண்டு. ஒரு தூசி விழுந்தாலும் நாம் துடிப்பது அதனால்தான்.

கண்ணை மரக்க வைக்கும் சொட்டு மருந்து விட்டு, 'கன்போகல்' என்ற மைக்ராஸ்கோப்பால் பார்த்தால், இந்த நரம்புகள் வெள்ளை நூல் போலத் தெரியும். இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ராயஸ் மாலிக் என்ற டாக்டரின் குழு, 2003ல் இதை வெளியிட்டது. சர்க்கரை நோயால் நரம்பு கெட்டவர்களின் கார்னியாவில் இந்த நூல்கள் குறைந்திருந்தன.

கண்ணீரிலும் தகவல் இருக்கிறது. கார்னியா நரம்புகள் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருளைச் சுரக்கின்றன. அது கண்ணீரில் கலக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2017ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், சர்க்கரை நோயாளிகளின் கண்ணீரில் இது குறைவாக இருந்தது. ஒரு சொட்டுக்கும் குறைவான கண்ணீரே இதற்குப் போதும். ஊசி வேண்டாம், வலி இல்லை. ஆனால், இது இன்னும் ஆராய்ச்சி அளவில்தான் உள்ளது.

நீங்கள்தான் காவல்காரர்!

ஐ.சி.எம்.ஆர்., ஆதரவுடன் நடந்த ஆய்வு 2023ல் வெளியானது. அதன்படி, இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள், 10 கோடிக்கும் அதிகம். உங்கள் தெருவிலேயே சிலர் இருப்பார்கள். உங்கள் தாத்தா, பாட்டியாகவும் இருக்கலாம்.

கண்ணீர்ச் சோதனை வரும் வரை காத்திருக்க வேண்டாம். தினமும் சாயங்காலம், 'தாத்தா, காலைக் காட்டுங்க' என்று கேளுங்கள். உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாவற்றையும் பாருங்கள். கொப்புளம், வெடிப்பு, சிவப்பு, புண் இருந்தால், உடனே அப்பா, அம்மாவிடம் சொல்லி, டாக்டரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொல்லுங்கள். பழநிக்கு நடக்கப் போகிறேன் என்றால், 'டாக்டரைக் கேட்டுட்டுப் போங்க' என்று அன்பாகச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை கால் நரம்பையும், கண்ணின் விழித்திரையையும் பரிசோதிக்க வேண்டும் என்பதையும் நினைவுபடுத்துங்கள்.

ஒரு விஷயம்... வெங்காயம் நறுக்கும்போது பாட்டிக்குக் கண்ணீர் வரவில்லை என்றால், 'உனக்கு சுகர்!' என்று நீங்களே டாக்டராகி விடாதீர்கள். அது பழக்கப்பட்ட கையாக இருக்கும்!